மார்லூஸுக்குப் பின்னால் ஓர் ஐ

சிப்ரன் காலையிலேயே ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றதும் யூரியானுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

ரோட்டர்டாமில் நல்ல சேதி வந்தவன்தான் கேக் வாங்க வேண்டும். மற்றவர்களுக்கு வேலை, தின்றுகொண்டே பொறாமைப்படுவது.

"எடுத்துக்கடா. மூஞ்சி ஏன் உப்புல ஊறின மீன் மாதிரி இருக்கு?" என்றான் சிப்ரன்.

யூரியான் எடுத்துக்கொண்டான். என்ன விசேஷம் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

அவர்கள் வேலை பார்த்த கிரேன் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றே பேர்: மார்லூஸ், சிப்ரன், யூரியான். லண்டன் கிளைக்கு ஒருவர் போகலாம். யூரியான் கனவில் ஏற்கெனவே அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

மேலதிகாரி லண்டனுக்கு எழுதிய டச்சுக் கடிதம் ஆங்கிலமாக்க அவனிடமே வந்தது. பெயர் சொல்லாமல் சுற்றி வளைப்பது அவர் பழக்கம். லண்டனுக்கு வருபவர், மார்லூஸ் பரிந்துரைத்த மொழிபெயர்ப்பாளர்.

அல்லது, மார்லூஸைப் பரிந்துரைத்த மொழிபெயர்ப்பாளர்.

டச்சில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். அங்கே பெயருக்குப் பின்னால் ஒட்ட ஐ கிடையாது. வினைச்சொல் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காது.

ஆங்கிலத்தில் அது நடக்காது. வினை மார்லூஸுக்கு முன்னால் நின்றால், அவளைப் பரிந்துரைத்தவன். பின்னால் நின்றால், அவள் பரிந்துரைத்தவன்.

மேலதிகாரியிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்தான். தட்டில் கேக் துணுக்கு கண்ணில் பட்டது.

போன வருடம் மார்லூஸைச் சிறந்த ஊழியர் விருதுக்குப் பரிந்துரைத்தது சிப்ரன். லண்டன் வரை தெரிந்த விஷயம். மார்லூஸோ காப்பியைக்கூடப் பாராட்டாதவள். அவளாவது, ஒருவனைப் பரிந்துரைப்பதாவது.

உட்கார்ந்தான். வினையைத் தூக்கி மார்லூஸுக்கு முன்னால் வைத்தான். அனுப்பினான்.

ஆப்பிள் புளித்தது.

மார்லூஸ் கோப்பையும் கையுமாக வந்து அவன் மேசையில் சாய்ந்தாள்.

"அஞ்சாவது தடவைல டிரைவிங் பாஸாயிட்டானாம் சிப்ரன். அதுக்குப் போயி இவ்வளவு பெரிய கேக்கு." ஒரு வாய் விழுங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நீ வாங்கணும், தெரியுமில்ல? செர்ரி வச்சதா வாங்கு. உனக்காக ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

யூரியான் திரையைப் பார்த்தான்.

லண்டனிலிருந்து பதில் வந்திருந்தது. சிப்ரனை வரவேற்கிறார்களாம். இவ்வளவு தெளிவாக எழுதியதற்குத் தனியாக ஒரு நன்றியும் இருந்தது.