குழலில் நான்கு விரல்

மூன்றாவது முறையும் துரு அதே இடத்தில்தான் பிடித்திருந்தது. குழலின் வாயிலிருந்து நான்கு அங்குலம் கீழே.

அப்துல் சுபஹான் துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோவில்பட்டியில் பதினெட்டு வருஷமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறவர். இப்படி அடம்பிடிக்கிற துருவை அவர் கண்டதில்லை. அதுவும் இந்த 1959 ஆனிக் காற்றில், ஈரத்துணி அரை மணியில் காய்ந்து விறைக்கிற நாளில்.

எதிரே கோபாலசாமி உட்கார்ந்திருந்தார். பசுவந்தனைக்காரர், ஆடு மேய்க்கிற குடும்பம். நரிக்குப் பயந்து அவருடைய அப்பா வாங்கிவைத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி அது.

சித்திரையில் முதல் முறை கொண்டுவந்தபோது சுபஹான் சாக்கு உறையைச் சந்தேகப்பட்டார். தூத்துக்குடி உப்பு வந்த சாக்காக இருக்கலாம். புதுத் துணியில் உறை தைத்துக் கொடுத்தார். வைகாசியில் எண்ணெயைச் சந்தேகப்பட்டார். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிவிடும், தையல் மிஷின் எண்ணெய் போடுங்கள் என்றார். இரண்டும் பலிக்கவில்லை.

சீலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி பதருன்னிசா குரல் கொடுத்தார். "அந்தக் கொழலுக்கு யாரோ கண்ணு வச்சிட்டாக. தேய்க்குதத விட்டுட்டு எதையாவது ஓதி ஊதிப் பாருங்களேன்."

கோபாலசாமி சிரிக்கவில்லை.

அந்தக் குழலின் கறுப்பு நிறம் பெயிண்டால் வந்ததல்ல. அதுவும் துருதான். நவச்சாரத் தண்ணீரைத் தடவி இரும்பைச் சிவப்பாகத் துருப்பிடிக்க விடவேண்டும். கொதிநீரில் முக்கினால் சிவப்பு கறுப்பாகும். தேய்த்துவிட்டு மறுபடி தடவவேண்டும். ஏழெட்டு முறை செய்தால் வெயிலில் மின்னாத ஒரு கரிக்கறுப்பு நிற்கும். மின்னுகிற குழலை நரி தூரத்திலேயே கண்டுகொள்ளும்.

மின்னாததற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத துளைகள். கரிசல் ஈரத்தைப் பிடித்துவைப்பதுபோல அவை எண்ணெயைப் பிடித்துவைக்கும். ஆனால் வியர்வை பட்டால் அதன் உப்பையும் அப்படியே பிடித்துவைக்கும். பிறகு கறுப்பைத் தின்றுகொண்டு சிவப்பு வரும்.

முன்பு இரண்டு முறையும் துரு வெறும் திட்டாக இருந்தது. இந்த முறை சீக்கிரமே கொண்டுவந்ததில் வடிவம் தெரிந்தது. ஒரு பக்கம் நான்கு கோடுகள், மறுபக்கம் ஒன்று.

விரல்கள்.

ஆனால் சுடுகிறவனின் கை அங்கே போகாது. குழலுக்கு அடியிலுள்ள மரக்கட்டையைத்தான் பிடிக்கும். வாய்ப்பக்கம் பிடிக்க என்ன வேலை?

தெரியாது என்று விட்டுவிடவும் முடியாது. அரித்து அரித்துக் குழல் மெலிந்தால் ஒருநாள் சுடும்போது பிளந்துகொள்ளும். பக்கத்தில் இருக்கப்போவது கோபாலசாமியின் முகம்.

சுபஹான் குழலை மடக்கி, தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, நீட்டினார். "எப்படிப் பிடிக்குதீங்கன்னு எந்திரிச்சு காட்டுங்க அண்ணாச்சி."

கோபாலசாமி எழுந்தார். தோளில் வைக்கிற அடிக்கட்டையைத் தரையில் ஊன்றினார். குழலின் மேற்பக்கத்தைப் பற்றி, அதன்மேல் தாடையைக் கொண்டுபோனார். நான்கு விரல்களும் நான்கு கோடுகளில் பொருந்தின.

சுபஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மந்தைக்காரர்கள் நிற்கிற நிற்பல்லவா இது! கம்பை ஊன்றி, அதன் தலையில் தாடையை முட்டுக்கொடுத்து, நாள் முழுக்க நிற்பார்கள்.

"இம்புட்டுத்தானா! துப்பாக்கிய தொரட்டிக்கம்புன்னு நெனச்சீங்களாக்கும்? இனிமே ஆட்டுக்குப் பின்னால போகையில ஒரு கம்பையும் கொண்டு போங்க."

"ஆடு ஏது பாய்?" கோபாலசாமி துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார். "பங்குனி மழையில, அறுத்துவிட்ட சோளக்கட்டையெல்லாம் துளுத்துக் கெடந்துச்சு. கம்புல சாஞ்சவன் கண்ணசந்துட்டேன். அம்பத்தி மூணும் குருத்தத் தின்னுட்டு அங்கனயே விழுந்துட்டு."

கட்டையில் துளிர்த்த சோளம் ஆட்டுக்கு விஷம். கரிசலில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சுபஹானின் சிரிப்பு நின்றது. துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பினார். காட்டில் ஊன்றியிருந்தால் அடிக்கட்டையின் முனைத் தகட்டில் உள்ள திருகுப் பள்ளங்களில் கரிசல் மண் அப்பியிருக்கவேண்டும். ஒரு துணுக்குகூட இல்லை. வீட்டுத் தரை மெழுகுகிற சாணம்தான் காய்ந்திருந்தது.

பங்குனியில் மந்தை போயிருக்கிறது. சித்திரையில் முதல் துரு.

"எப்படியாச்சும் இத நிறுத்திக் குடுங்க பாய்" என்றார் கோபாலசாமி, தரையைப் பார்த்தபடி. "அப்பா வச்சிருந்தது. கெட்டுப்போகுதத பாக்க மனசு தாங்கல."

"நிறுத்திருவோம். நீங்க எதிர்த்தாப்புல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. ஆனா வாராவாரம் கொண்டாந்து என்கிட்ட காட்டணும். எண்ணெய் நாந்தான் போடுவேன்."

கோபாலசாமி தெருவைக் கடக்கும்வரை சுபஹான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியால் குழலைத் துடைத்து எண்ணெய் போட்டார். கடைசியாக, விசையும் சுத்தியும் இருக்கிற பூட்டைக் கழற்றினார். தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை வெளியே எடுத்து, அதன் முனையை அரை நெல் நீளத்துக்கு அராவி, மறுபடி மாட்டினார்.

இனி விசையை இழுத்தால் சுத்தி விழும், சத்தம் கேட்கும். ஊசி தோட்டாவை எட்டாது.