நடுக்கதவு

"தம்பி, அந்தப் புகை எங்க போகுதுன்னு இன்னொரு தடவை காட்டுங்க."

தையல் கடைக்கார அம்மா காற்றுச் சுரங்கத்தின் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆள் நிமிர்ந்து நடந்து போகக்கூடிய நீளக் கூண்டு. ஒரு கோடியில் பெரிய விசிறி. நடுவில், சுழலும் மேடை மேல், ஒட்டுப்பலகையில் செய்த ஒரு குட்டி வீடு.

கட்டப்போகிற கட்டடத்துக்குள் காற்று எப்படி நுழையும், எங்கே முடங்கும் என்று புகை விட்டுப் பார்த்துச் சொல்வது இன்ஜினியரின் வேலை. அவரிடம் வருவதெல்லாம் ஆஸ்பத்திரி, அலுவலகக் கோபுரம், விமான நிலையம். இரண்டு மகள்களுக்கு ஒரு வீடு என்று சொல்லி, தச்சரிடம் மாதிரி செய்து வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

இன்ஜினியர் மறுபடி புகையை விட்டார்.

"நல்லாப் பாருங்கம்மா. முன்பாதி உங்க மூத்த பொண்ணுக்கு, பின்பாதி சின்னப் பொண்ணுக்கு. ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், அங்க ஜன்னல் வைக்க முடியாது. நடுக்கதவு திறந்திருந்தா, வாசல்ல நுழையுற காத்து பின்பக்கம் வரைக்கும் ஜம்முனு போகுது. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சாத்திட்டுக் காட்டுங்க."

விசிறியை நிறுத்தி, உள்ளே கையை விட்டு, நடுக்கதவைச் சாத்தினார். தச்சர் கெட்டிக்காரர். அந்தக் குட்டிக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள்கூட வைத்திருந்தார். மறுபடி விசிறி ஓடியது. புகை வாசல் வரை வந்தது. அங்கேயே நின்று சுற்றிவிட்டு, கூரைக்கு மேலே ஏறிப் போய்விட்டது.

"அவ்வளவுதான். ரெண்டு பாதியிலயும் காத்து இல்லை. புழுங்கித் தள்ளிடும்."

"காத்து பின்பக்கத்துல இருந்து அடிச்சா?"

மேடையைத் திருப்பினார். "அப்பவும் அதே கதைதான்."

"ஒருத்தி மட்டும் அவ பக்கத்து ஜன்னலையெல்லாம் திறந்து வச்சுக்கிட்டா?"

"வர்ற காத்து வெளிய போக வழி வேணுமேம்மா. வழி இல்லைன்னா அது உள்ளேயே வராது."

அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். திடீரென்று பதறினார். "அய்யய்யோ, அது என்ன தம்பி? மேல ஒரு இழை போகுதே!"

"படிக்கட்டு ஜன்னல்மா. அது வழியா கொஞ்சம் போகுது. பெரிய பொண்ணுக்கு அதாவது கிடைக்குதேன்னு சந்தோஷப்படுங்க."

அவர் சந்தோஷப்படவில்லை. விசிறியை நிறுத்தச் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு வெட்டுத்துணியை எடுத்தார். குட்டி ஜன்னலில் வைத்து விரலால் அமுக்கி அடைத்தார்.

"இந்த ஜன்னல் வேண்டாம். திருடன் வருவான்."

"அதுல பூனைகூட நுழையாதேம்மா!"

"பூனையும் வேண்டாம்."

இன்ஜினியர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவருக்குப் பொறுமைசாலி என்று பெயர். "சரி, கூரையில ஒரு திறப்பு விடலாம்."

"மழை வரும்."

"மேல மூடி போடலாம்."

"துரு பிடிக்கும்."

"நடுக்கதவுக்கு மேல கம்பி வலை வச்சிடுங்க. கதவைச் சாத்தினாலும் காத்து போகும்."

"பல்லி வரும்."

"ஏசி?"

"வெயில் நாள்ல கரண்ட் எங்க தம்பி நிக்குது?"

இன்ஜினியருக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தப் பிளான் யாரும்மா போட்டுக் கொடுத்தது? அந்த ஆளை இந்த வீட்டுக்குள்ளயே வச்சுச் சாத்தணும்."

"நான்தான் போட்டேன்."

இன்ஜினியர் இருமினார். புகையால் வந்த இருமல் மாதிரி இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் இருமினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார் அந்த அம்மா. குரல் இறங்கியிருந்தது. "ஆயுசு முழுக்க மிஷின் மிதிச்சது இந்த வீட்டுக்காகத்தான். ரெண்டு பேரும் குடிவர ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை அஸ்திவாரம் தோண்டுறாங்க. இது மட்டும் சரியா வரலைன்னா, நான் இருந்தும் ஒண்ணுதான், இல்லாமலும் ஒண்ணுதான்."

இன்ஜினியருக்குப் பாவமாகிவிட்டது. இத்தனை ஆசையோடு கட்டுகிற வீட்டுக்கு இந்தக் கதியா என்று மனசு கேட்கவில்லை.

"அதனாலதான்மா சொல்றேன். இப்பவே மாத்திடுங்க. வெயில் காலத்துல ரெண்டு பொண்ணுங்களும் வெந்து போயிடுவாங்க. ஒருத்தி மட்டும் திறந்தா நடுக்கதவு திறக்காது. ரெண்டு பேரும் தாழ்ப்பாளை எடுக்கணும். அது நடந்தாத்தான் ரெண்டு பேருக்கும் காத்து. இந்த வீடு தேறாதுன்னுதான் என்னால சொல்ல முடியும்."

"உறுதியாத்தானே சொல்றீங்க? வேற எந்த வழியிலயும் வராதே?"

"ஒரு பொட்டுக் காத்து வராது. எந்தத் திசையில அடிச்சாலும் வராது. எங்க வேணும்னாலும் போய்க் கேளுங்க, இதைத்தான் சொல்லுவாங்க."

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இன்ஜினியர் தண்ணீர் எடுக்கப் போனவர், திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி தம்பி. வயித்துல பாலை வார்த்தீங்க. அப்படியே கட்டச் சொல்லிடுறேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அக்காளும் தங்கச்சியும் முகம் கொடுத்துப் பேசி வருஷக் கணக்காச்சு, பெத்தவ சொல்லியும் கேக்கலை. இனிமே 'கதவைத் திறடி'ன்னு சண்டை போடவாவது ஒருத்தி வாயைத் திறந்துதானே ஆகணும்!"