சீனி, சர்க்கரை, சுகர்

"கமிஷன் வந்தாப் போதும்னு எழுதிட்டீங்கள்ல?"

கந்தர்வக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறித் திருச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்ற அருணாவை, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் சுகுணா இப்படித்தான் வரவேற்றாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்பா ரெங்கசாமிக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் காலை ஆபரேஷன். அதற்குப் பணம் தர முடியாது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்று காலையில் கையை விரித்துவிட்டது. சர்க்கரை நோய் இருப்பதை மறைத்துப் பாலிசி எடுத்துவிட்டாராம்.

அந்தப் பாலிசியைப் போட்டுக்கொடுத்தது அருணாதான். வயதானவர்களுக்கு இன்ஷூரன்ஸ் யோசனை சொல்வது அவள் தொழில். "அரசாங்கக் காப்பீட்டு அட்டை கிடைச்சா அதை விட்றாதீங்க, எங்கிட்ட வரவே வேணாம்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள். ரெங்கசாமிக்கு முந்திரிக்காட்டு வருமானம் கொஞ்சம் கூடுதல் என்று அந்த அட்டை கிடைக்கவில்லை. அப்புறம்தான் இந்தத் தனியார் பாலிசி. மூன்று வருஷமாக ஒரு தவணை தவறியதில்லை.

"பத்து வருசமா மாத்திரை போடுற மனுசன். ஊருக்கே தெரியும். ஒங்களுக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

அருணா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அந்தப் புள்ளைய வையாதத்தா. நான்தான் மறைச்சேன்."

சுகுணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூட்டையில் சொத்தைக் கொட்டை இருந்தால் வியாபாரி கேட்கும் முன்னே அவிழ்த்துக் காட்டுகிற மனிதர். அவரா?

"ஏம்ப்பா?"

"சொன்னா பாலிசி தரமாட்டாங்கன்னு பயம்" என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அருணா மெதுவாகச் சொன்னாள். "ஐயா, கம்பெனியிலேர்ந்து ஒங்ககிட்ட போன்ல கேள்வி கேட்டாங்கள்ல? அந்தப் பேச்சைப் பதிஞ்சு வச்சிருப்பாங்க. அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"அதெல்லாம் எதுக்கு? நான்தான் சொல்றேன்ல."

அவர் அவசரமாகத் தடுத்ததைப் பார்த்த சுகுணா, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கமாகக்கூட இருந்தது.

மதியம் ஆடியோ வந்தது. அருணா சத்தமாக வைத்தாள். கம்பெனிப் பெண் கிளிப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே போனாள்.

"ரேஷன் கார்டு நம்பர் சொல்லுங்க சார்."

அப்பா நிறுத்தி நிறுத்தி எண்களைச் சொன்னார்.

"நன்றி சார். உங்களுக்குச் சர்க்கரை உண்டா?"

"இல்லம்மா. எங்களுது அரிசி கார்டு."

"அப்போ சர்க்கரை இல்லை, சரிங்களா சார்?"

"சர்க்கரை கார்டெல்லாம் அரிசி வேணாங்குறவங்களுக்கும்மா. நமக்கு எதுக்கு?"

"ஓகே சார். தினமும் மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"சுகருக்குத்தாம்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஏழு வருசமா போடுறேன்."

"ஓகே சார். ரத்தக்கொதிப்பு உண்டா?"

முதலில் சிரித்தது குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ். அப்புறம் சுகுணா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"ஏம்ப்பா, சர்க்கரைன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? டீயில போடுறது சீனி. ரேஷன் கார்டுல இருக்குறது சர்க்கரை. ஒடம்புல இருக்குறது சுகர். அந்தப் புள்ள ஒழுங்கா சுகர்னு கேக்க வேண்டியதுதானே?"

ஆடியோவோடு அருணா கம்பெனிக்கு மெயில் போட்டாள். மேலதிகாரியைப் போனில் பிடித்து, மாத்திரை சாப்பிடுவதைச் சொன்ன இடத்தை இரண்டு தடவை கேட்க வைத்தாள். நான்கு மணிக்கு அனுமதி வந்துவிட்டது. சுகுணாவின் நெஞ்சிலிருந்த கல் அப்போதே இறங்கியது. இனி அப்பாவின் கல்தான் பாக்கி.

"அப்ப எதுக்குப்பா மறைச்சேன்னு சொன்னீங்க?"

ரெங்கசாமி வேட்டி முனையைத் திருகினார். "மாத்திரை போடுறதை நான் போன்ல சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. அப்ப பேப்பர்ல எழுதாம விட்டது இந்தப் புள்ளதான்னு நெனச்சுட்டேன். தனி ஆளா ரெண்டு பிள்ளைய வளக்குது. பேர் கெட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குன்னா பொழப்பே போயிருமே."

சுகுணாவால் அருணாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் வாரேங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அருணா பையை எடுத்தபோது, மடித்த தாள் ஒன்று நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்த சுகுணா, அப்பா பெயரைப் பார்த்ததும் படித்துவிட்டாள்.

'ரெங்கசாமி ஐயா தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை என்னிடம் சொன்னார். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டது என் குற்றம்.' கீழே அருணாவின் கையெழுத்து. இன்றைய தேதி.

"என்னங்க இது? இதைக் குடுத்திருந்தா ஒங்க லைசென்ஸ் போயிருக்குமே?"

"ஆடியோ வரலேன்னா ஐயாவோட ஆபரேஷன் நின்னுருக்குமே. பஸ்ல வரும்போது எழுதுனேன். இனிமே வேணாம், கிழிச்சுருங்க."

"அவர் நெசமாவே மறைச்சிருப்பாருன்னு தோணலையா? பெத்த மக, நானே நம்பிட்டேன்."

அருணா கட்டில் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயாவுக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சுத்தாங்க, அந்தப் பொய்யை நானே எழுதிக்கிட்டு வந்தேன்."