பழைய முறைப்படி ஒரு விஸ்கி சவர்

"முட்டைத் தட்டை முதல்ல கீழ் வீட்ல குடுத்துட்டு வாடா. எங்கம்மா பிரிட்ஜைத் திறந்து பாக்காம போகவே மாட்டாங்க."

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் தட்டோடு படியிறங்கிவிட்டான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, ஓடு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவள் குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவன் லிப்ட் மெக்கானிக். அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் லிப்ட் அடிக்கடி நின்றுபோனதில் வந்த பழக்கம். கடைசி இரண்டு தடவை அவனேதான் நிறுத்திவைத்தான் என்று அவளுக்கு இன்னும் சந்தேகம்.

இன்றைக்கு அவளுடைய அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக அவன் வீட்டுக்கு வருகிறார்கள். பிடித்துவிட்டால் கல்யாணம். பிடிக்காவிட்டால் டாட்டா.

அம்மாதான் கஷ்டம். தீவிர சைவம். கேக் டப்பாவைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்து, முட்டை இல்லை என்று உறுதியான பிறகுதான் வாங்குவார். ஆனால் விஸ்கிக்கு அவரிடம் தடையில்லை. தானியத்தில் செய்வதுதானே, அதுவும் சைவம்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

அப்பா பாவம், வாயில்லாப் பூச்சி. காக்டெய்ல் கலக்குவதில் மாப்பிள்ளைப் பையன் கில்லாடி என்று மகள் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓர் ஆசையைச் சொல்லி அனுப்பியிருந்தார்: "புளிப்பா, மேல நுரை நிக்குமே, அந்த விஸ்கி சவர். பழைய முறைப்படி பண்ணச் சொல்லும்மா. குறுக்கு வழி கூடாது."

அங்கேதான் சிக்கல். பழைய முறைப்படி அந்த நுரை வருவதே முட்டையின் வெள்ளைக் கருவில்தான்.

"உங்கப்பாவுக்கு அது தெரியுமா?"

"அவருக்கு எங்க தெரியும்? ஆபீஸ்ல யாராவது ஏத்திவிட்டிருப்பாங்க."

வாரம் முழுக்க இரண்டு பேரும் அவன் சமையலறையில் குட்டிக்கரணம் போட்டார்கள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரை அடித்துக் குலுக்கினால் முட்டை போலவே நுரைக்கும் என்று அவன் எங்கேயோ பார்த்திருந்தான். முதல் தடவை ஷேக்கரின் மூடி பறந்து போய் விட்டத்தில் மோதியது. அடுத்த தடவை நுரை வந்தது, கூடவே கடலை வாசனையும் வந்து தொலைத்தது. தண்ணீரைச் சுண்டவைத்து, ஆறவைத்து, எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிந்தபோது விரல் உயரத்துக்கு வெண்ணெய் மாதிரி நின்றது நுரை. அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு குத்தாட்டமே போட்டாள்.

அழைப்புமணி அடித்தது.

அம்மா செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குப் போனார். வாணலியை முகர்ந்தார், டப்பாக்களைத் திறந்தார், தலையாட்டினார். அது பாஸ் மார்க் என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். அப்பா குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்று பிரிட்ஜைத் திறந்தார். கதவில் முட்டை வைக்கும் குழிகள் காலியாக இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, குளிரெல்லாம் வெளிய போகுது, மூடுங்க," என்றார் அம்மா.

நல்லவேளை தப்பித்தோம் என்று அவன் மனசுக்குள்ளேயே அவளுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

முதலில் அவனுடைய கைராசி அயிட்டம், ஓல்ட் ஃபேஷன்ட் என்ற இன்னொரு விஸ்கி காக்டெய்ல். ஒரே பெரிய ஐஸ்கட்டி, மேலே ஆரஞ்சுத் தோலை முறுக்கிவிட்டுக் கொடுத்தான். அப்பா ஒரு வாய் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அடுத்தது எப்போது என்று கேட்டார். அவனுக்குச் சுருக்கென்றது.

அவள் செடி காட்டுகிறேன் என்று அம்மாவைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அப்பா அவன் பின்னாலேயே சமையலறைக்குள் வந்து நின்றார்.

விஸ்கி, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கடலைத் தண்ணீர். முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினான், பிறகு ஐஸ் போட்டுக் குலுக்கினான். லிப்ட் நட்டு முறுக்கிய கை, ஷேக்கர் அலறியது. கிளாஸில் வடித்தபோது நுரை மெல்ல ஏறி விளிம்பில் நின்றது. அதன்மேல் பிட்டர்ஸ் என்ற கசப்புத் திரவம் நாலு சொட்டு.

அப்பாவின் கண்கள் பளபளத்தன. கிளாஸை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நுரையை மட்டும் உறிஞ்சினார். மீசையெல்லாம் வெள்ளை. மறுபடி உறிஞ்சினார். கண்ணைத் திறந்தபோது முகம் தொங்கியிருந்தது. சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. இதுல முட்டை போட்டீங்களா?"

அவன் அவசரமாக அடுப்புப் பக்கம் திரும்பினான். கடலைப் பாத்திரத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சத்தியமா இல்ல அங்கிள். வெறும் கடலைத் தண்ணி. வேணும்னா வீடு பூராத் தேடிப் பாருங்க, ஒரு முட்டை கிடைக்காது."

"அதைத்தான் பிரிட்ஜைத் திறந்தப்பவே பாத்தேனே," என்று பெருமூச்சு விட்டார். மீசையைத் துடைத்தபடி பால்கனிப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணத்துக்கு எனக்குப் பரிபூர்ண சம்மதம். ஆனா தாலி கட்டின நாள்லேருந்து எனக்கு முட்டையைக் கண்ணுலயே காட்டல தம்பி அவ. அடுத்த வாரம் நான் மட்டும் தனியா வர்றேன், பழைய முறைப்படி பண்ணிக் குடுங்க. விஸ்கி இல்லேன்னாக்கூடப் பரவாயில்ல."