மஞ்சள் பாதங்கள்

பம்பு கம்பெனியில் நடப்பதே வீண் என்று முடிவாகியிருந்தது. ஒரு பெட்டி கட்ட பூங்கோதை நாற்பது அடி நடக்கிறாள் என்று ஸ்டாப்வாட்ச்சோடு வந்த ஆபீசர் எண்ணிச் சொன்னார். மேசையை நகர்த்தினார்கள், பத்தானது. ரேக்கைக் கைக்கெட்ட வைத்தார்கள், இரண்டானது. இன்று காலை தரையில் இரண்டு மஞ்சள் பாதங்களை வரைந்து, "இதுலயே நில்லும்மா, போதும்" என்றார். நின்றாள்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் காலைத் தூக்கினாள். வரவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அப்போதும் பாதம் மஞ்சளை விட்டு எழும்பவில்லை.

"மொதல்ல பயமாத்தான் இருக்கும்க்கா. பழகிடும்," என்றாள், போன மாதமே மஞ்சள் பாதங்களில் ஏறிவிட்ட பக்கத்து மேசை தில்லைமணி, கை ஓயாமல் பெட்டி கட்டிக்கொண்டே.

இந்த ஒரு மாதத்தில் தில்லைமணி வேலைக்கு வந்தோ வீட்டுக்குக் கிளம்பியோ தான் பார்த்ததே இல்லை என்பது பூங்கோதைக்கு அப்போதுதான் உறைத்தது.