தாம்பரத்தில் இறங்கிய விமானம்

மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய பயணிகள் விமானம் தவறுதலாகத் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இறங்கிய மதியம், ராஜகீழ்ப்பாக்கமே மொட்டைமாடியில் ஏறி நின்றது. பைலட் ஓடுபாதையை மாற்றிப் பார்த்துவிட்டாராம். அருள்மேரிக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருஷம் கழித்து அவள் புருஷன் துரை துபாயிலிருந்து அந்த விமானத்தில்தான் வருகிறான்.

"அண்ணி, அண்ணன வூட்டாண்டயே கொணாந்து எறக்கிட்டாங்கோ!" என்று கத்திக்கொண்டே கொழுந்தன் மாரி தளத்துக்குச் சைக்கிளை மிதித்தான்.

குழம்பு கொதிக்கும்போதே துரை வந்துவிட்டான். கையில் பெட்டி இல்லை.

"பக்கம்தானேன்னு நடந்தே வந்துட்டேன். பசிக்குது அருளு."

அவள் அழுதாள், சிரித்தாள், பாய் விரித்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிடும்போது அந்த விமானம் கூரை அதிர மேலே ஏறிப் போனது.

தெருவில் மாரியின் குரல் கேட்டது. "பேஜாரா பூட்ச்சி அண்ணி! அவ்ளோ ஒசரத்துக்கு அங்க ஏணியே இல்லியாம். ஒர்த்தரயும் எறக்காம மீனம்பாக்கத்துக்கே இட்டுகினு பூட்டாங்கோ. நான் போய் அண்ணன இட்டாறேன்!"

அவள் வாய் திறப்பதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது. உள்ளே துரை மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து அதே பாயில் படுத்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் வாசலில் டாக்சி நின்றது. கயிறு கட்டிய பெட்டியோடு துரை இறங்கினான்.

"மீன் கொழம்பா? வாசன தெருமுனை வரைக்கும் வருது அருளு!"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். உள்ளே படுத்திருந்தவன் கண்ணைத் திறக்காமல் சுவரோரமாக நகர்ந்து, பாயில் ஒரு ஆளுக்கு இடம் விட்டான்.