மேல் வயிற்று வலி

“ஐயோ, உயிர் போகுதே!” என்று கட்டிலில் சுருண்டாள் அவள். எதிரே இருந்த பேராசிரியர் நாற்காலியை விட்டு அசையவில்லை. பேனா மூடியால் மேசையைத் தட்டினார்.

“வலியெல்லாம் பிரமாதம். ஆனா கை கீழ போகுதும்மா. உங்களுக்கு அல்சர். மேல் வயித்தைப் பிடிங்க.”

“பழக்கதோஷம் சார்” என்று சிரித்தபடி, அவள் கையை நாலு விரற்கடை மேலே ஏற்றிக்கொண்டாள்.

மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடப் பரீட்சை. நிஜ நோயாளியைப் படுக்க வைத்தால் ஆளுக்கொரு பதில் சொல்லிக் குழப்பிவிடுவார் என்று, ஒரு நாடக நடிகையை வரவழைத்திருந்தார் பேராசிரியர். கேள்விகளையும் பதில்களையும் அவரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆளின் முகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர்.

நடிகையும் தாளை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, வரி பிசகாமல் ஒப்பித்தாள். மூன்று மாணவர்கள் வந்தார்கள், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள், அல்சர் என்றார்கள். மூவரும் பாஸ்.

நான்காவதாக வந்த பெண் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் போனால் படிப்புக்கு முழுக்குப் போடச் சொல்லிவிட்டார் அவள் அப்பா. அது பேராசிரியருக்கும் தெரியும்.

அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மறுபடியும் கீழே இறங்கியிருந்த நடிகையின் கையையே பார்த்தாள்.

“அக்கா, இந்த வலி மாசாமாசம் வருதா?”

நடிகை தாளைப் பார்க்கவில்லை. “ஆமா. தூரம் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே ஆரம்பிச்சிடும்.”

“வேலைக்குப் போக முடியுமா?”

“எங்க போறது? பாத்ரூமுக்கே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் போவேன். அங்க போய் உக்காந்தா இன்னும் குத்தும். தொடை வரைக்கும் இழுக்கும்.”

“எத்தனை வருஷமா?”

“பதினாலு வயசுலேருந்து.”

“யாருகிட்டயும் காட்டலையா?”

“காட்டாம என்ன? பொம்பளைன்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோன்னுட்டாங்க.”

பேராசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடைக்காரர்களிடம் இதுதான் தொல்லை. வாய்க்கு வந்த வசனத்தையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள்.

மாணவி திரும்பினாள். “சார், எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம். கர்ப்பப்பைக்குள்ள இருக்கற மாதிரி சவ்வு வெளியிலயும் வளர்றது. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்...”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. கடைசியா கேக்கறேன்.”

“அதேதான் சார்.”

பேராசிரியர் பெரிதாக ஒரு முட்டை போட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினாள்.

கதவு சாத்தியதும் அவர் நடிகை மேல் பாய்ந்தார். “எழுதிக் குடுத்ததைச் சொல்லாம இஷ்டத்துக்கு அளந்து விட்டீங்களே! இப்ப பாருங்க, அநியாயமா ஒரு பொண்ணு ஃபெயில்.”

நடிகை கட்டிலை விட்டு இறங்கி, வாசற்கதவை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள்.

“அளக்கல சார், அத்தனையும் எனக்கு இருக்கறது. அந்த டாக்டரம்மா போயிட்டாங்களா?”